ஆறு மணிக்கு மாறும் தேதி

ஷாகுலுக்குக் கை பொறுமைசாலி, வாய்தான் அவசரக்குடுக்கை. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவனுடைய வாட்ச் கடைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். கடுகைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியில் எடுத்து மூச்சு விடாமல் அதன் இடத்தில் வைப்பான். வைத்துவிட்டு, இதற்கு முன்னால் அந்த வாட்ச்சைத் தொட்டவன் எவனோ அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டுவான். வேறொரு மெக்கானிக் கை வைத்த வாட்ச் வந்துவிட்டால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

அன்றைக்கு வந்தவர் தோத்தாத்ரி. சானடோரியத்தில் வீடு, கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற உத்தியோகம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஓடாத ஃபேன், பாடாத ரேடியோ என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவது அவருக்கு ஒரு வியாதி. அவர் மனைவி காமு, வீட்டு வாசலில் காயலான் கடை என்று போர்டு மாட்டிவிடலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போனாள். ஓடாததை ஓட வைக்க தோத்தாத்ரி நேராக ஷாகுலிடம்தான் வருவார். ரேடியோவைக்கூட ஒருமுறை கொண்டுவந்து திட்டு வாங்கியிருக்கிறார்.

"பாய், இதைக் கொஞ்சம் பாருங்கோ. சந்தையில ஆப்டது. பழைய ஜப்பான் ஆட்டோமேட்டிக். டைமெல்லாம் கரெக்டா காட்டறது. தேதிதான் பைத்தியம் பிடிச்சாப்ல நடந்துக்கறது."

"இன்னா பண்ணுது?"

"சாயங்காலம் ஆறு மணிக்கே அடுத்த நாளுக்குப் போயிடறது. ஆபீஸ்ல லேட்டா உக்காந்து ஒரு செக்ல தேதி போட்டேன், மறுநாள் தேதி விழுந்துடுத்து. மேனேஜர் என்னை ஒரு மாதிரி பாக்கறான். மாறறதுதான் மாறறது, முழுசா மாறித் தொலையறதா? பாதி நம்பர் மேல, பாதி நம்பர் கீழன்னு ஜன்னல் நடுவுல நிக்கறது. நானே சரி பண்ணலாம்னு பன்னெண்டு மணி நேரம் தள்ளி வெச்சேன். இப்போ காலம்பற ஆறு மணிக்கு மாறறது. சூர்யோதயத்துக்கு நாள் மாறினா பஞ்சாங்கப்படி சரிதானே, அப்படியே கட்டிக்கோங்கோங்கறா காமு. நான் ஆபீஸுக்குப் பஞ்சாங்கத்தைக் கட்டிண்டு போக முடியுமா, சொல்லுங்கோ!"

ஷாகுல் வாட்ச்சை வாங்கிப் பார்த்தான். டயல் டீ பட்ட காகிதம் மாதிரி பழுத்துக் கிடந்தது. புது பிளாஸ்டிக் வார் போட்டுச் சந்தைக்காரன் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறான். சாவியை இழுத்து முள்ளைச் சுற்றினான். ஆறேகாலுக்குத் தேதி நொண்டிக்கொண்டே நகர்ந்து பாதியில் நின்றது. அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது.

"எந்தக் கேனப்பய சார் இதுக்கு முள்ளு போட்டான்? தேதி எந்த நேரத்துல தாவுதோ அந்த நேரத்துல முள்ளு ரெண்டையும் பன்னெண்டு மேல வெச்சு அமுக்கணும். இது அரிச்சுவடி சார்! இவன் ஆறு மேல வெச்சு அமுக்கிக்கீறான். மாடு மேய்க்கப் போறவனெல்லாம் வாட்ச் தொறந்தா இப்டித்தான். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

பக்கத்து ஜெராக்ஸ் கடை லோகநாதன் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு எவன் பாய் மாட்னது?"

"எவனோ ஒரு நாதாரி. பேஜார் புடிச்ச வேலை பண்ணி வெச்சிக்கீறான்."

தோத்தாத்ரி மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஷாகுல் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திருகித் திறந்தான்.

வாட்ச் ரிப்பேர் பண்ணுகிறவர்கள் மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தங்கள் குறியைக் கீறி வைப்பது வழக்கம். திரும்ப வந்தால் யார் கை பட்டது என்று தெரிந்துவிடும். இந்த மூடிக்குள்ளும் ஒரு குறி இருந்தது. துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தான். 'ஷா' என்று ஒரு எழுத்து. பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு குட்டிப் பிறை.

மல்லாந்து படுத்துக்கொண்டு காறித் துப்பினால் எங்கே விழும்? அவன் மூஞ்சியிலேயே வந்து விழுந்தது. அந்தக் கேனப்பயல், மாடு மேய்க்கப் போக வேண்டியவன், நாதாரி, எல்லாமே அவன்தான்.

ஆயிரம் மூடியில் 'ஷா' கீறியிருக்கிறான். பிறை கீறியது ஒரே ஒரு வாட்ச்சில்தான். அது அவன் தங்கச்சி ஜஹானாராவின் வீட்டுக்காரன் சௌகத் அலியுடையது. அனகாபுத்தூரில் வீடு, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். சௌகத்தும் ஷாகுலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மச்சான் ஆவதற்கு முன்னாலேயே மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சௌகத் இதே வாட்ச்சோடு வந்து வம்புக்கு இழுத்தான். "நமக்கு சாயங்கால மக்ரிப் தொழுகையோட நாள் மாறிப்பூடுது. வியாழக்கிழமை பொழுது சாஞ்சா வெள்ளி ராவுன்னு சொல்றோம். இந்த வாட்ச்சு மட்டும் பன்னெண்டு மணி வரைக்கும் பழைய நாளையே காட்டிக்கினு கீது. இதைக்கூட மாத்தத் தெரியாதா? நீ இன்னா பெரிய மெக்கானிக்கு?" ஷாகுலிடம் அப்படிக் கேட்டால் போதுமே! அங்கேயே முள்ளைப் பிடுங்கி, ஆறேகாலில் தேதி தாவுகிற மாதிரி மாட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து சௌகத்தின் தேதி ஜன்னலில் இங்கிலீஷ் தேதி கிடையாது, பிறைதான். மாதாமாதம் பிறை தெரிந்ததும் ஒன்றுக்குத் திருப்பி வைத்துக்கொள்வான். தெருவில் பார்ப்பவர்களுக்கெல்லாம் கையை நீட்டி, என் மச்சான் பண்ணது என்று காட்டுவான்.

அப்படி இருந்தவர்களைப் பிரித்ததும் அதே பிறைதான், அதை என்னவென்று சொல்வது! மூன்று நோன்புக்கு முந்தி, சௌகத் வெளியூரில் பார்த்த பிறையை ஏற்றுக்கொள்கிற கட்சிக்குப் போய்விட்டான். ஷாகுல் உள்ளூர்ப் பள்ளிவாசல் அறிவிப்பைத் தாண்ட மாட்டான். விளைவு, தங்கச்சி வீட்டில் பெருநாள், அண்ணன் வீட்டில் இன்னும் நோன்பு. தங்கச்சி கூப்பிட்டாளே என்று ஷாகுல் நோன்போடு போய் உட்கார்ந்திருந்தான். நடு மத்தியானம் சௌகத் பிரியாணித் தட்டை அவன் முன்னால் வைத்தான்.

"பெருநாள் அன்னிக்கு நோன்பு வெக்கிறது ஹராம், தெரியுமில்ல? துன்னு."

"நோன்பு அன்னிக்குப் பிரியாணி துன்னா அதுக்கு இன்னா பேரு?"

பத்து விருந்தாளிகள் இருக்கிற கூடத்தில் இதைக் கேட்டால் எவன் சும்மா இருப்பான்? வார்த்தை தடித்தது. ஷாகுல் எழுந்து வந்துவிட்டான். மறுநாள் அவன் வீட்டுப் பெருநாளுக்கு அவன் மனைவி ஃபாயிசா ஆக்கி வைத்த பிரியாணி ஆறி அவலாகிற வரைக்கும் தங்கச்சி குடும்பம் வரவில்லை. அதோடு போக்குவரத்து நின்றது.

ஷாகுல் பழைய கதையைத் தள்ளிவிட்டு, டயலைக் கழற்றினான். தேதித் தட்டைத் தூக்கினான். அடியில், தட்டின் பல்லுக்குப் பல், சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி காய்ந்த சேறு இருந்தது. தட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய மெல்லிய ஸ்பிரிங் துருப்பிடித்து முறிந்து கிடந்தது. நம்பர் பாதியில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இது ஆற்றுச் சேறு. இரண்டாயிரத்து ஐந்து மழை முடிந்த கையோடு இந்த மாதிரி வாட்ச்சுகள் அவன் கடைக்கு டஜன் கணக்கில் வந்தன. அடையாறு கரை மீறி அனகாபுத்தூருக்குள் வந்தது அவனுக்கும் தெரியும். ஃபாயிசா அப்போதே சொன்னாள், "என்னாங்க, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க." அவன், "அவன் கூப்புடட்டும்" என்றான். அவளே யார் யாரிடமோ விசாரித்து, "உசுருக்கு ஒண்ணும் இல்லையாம், சாமான்தான் போச்சாம்" என்றாள். "சாமான்தானே" என்று சொல்லிவிட்டு அவன் கைலியை உதறிக்கட்டிக்கொண்டு படுக்கப் போனான். முழங்கால் அளவு வந்திருக்கும், வடிந்திருக்கும் என்று தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

இப்போது இடுக்கி அப்படியே நின்றது. சௌகத் இந்த வாட்ச்சை எங்கே வைப்பான் என்று அவனுக்குத் தெரியும். படுக்கப் போகும்போது கழற்றி, பீரோவின் மேல்தட்டில் வைப்பான், வேறெங்கும் வைக்க மாட்டான். அந்த பீரோ ஜஹானாரா கல்யாணத்துக்கு ஷாகுல் வாங்கிக் கொடுத்த சீர். மேல்தட்டை அவனே எட்டித்தான் தொட வேண்டும். அந்த உயரத்தில் இருந்த வாட்ச்சுக்குள் சேறு போயிருக்கிறது என்றால் தண்ணீர் அவன் தலையைத் தாண்டி வந்திருக்கிறது. அவன் தங்கச்சியின் தலையைத் தாண்டி வந்திருக்கிறது. அவள் அவனைவிட ஒரு ஜாண் குட்டை.

'பாவி, நீ படுத்துத் தூங்கினியேடா' என்று அவன் மனசு அவனைக் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லென்ஸ் நனைந்ததும் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

லோகநாதன் மறுபடி எட்டிப் பார்த்தார். "இன்னா பாய் சத்தத்தையே காணோம். அந்தக் கேனப்பய யாருன்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது. உன் வேலையப் பாரு."

சேற்றைப் பெட்ரோலில் கழுவினான். செத்த மெஷின்கள் போட்டு வைக்கிற டப்பாவைக் கவிழ்த்துப் பொறுக்கியதில் அதே மாதிரி ஸ்பிரிங் ஒன்று கிடைத்தது. மாட்டியதும் தேதித் தட்டு டக் டக்கென்று முழு நம்பராகத் தாவ ஆரம்பித்தது. டயலையும் போட்டாயிற்று. முள் மட்டும் பாக்கி. பன்னிரண்டில் வைப்பதா, ஆறேகாலில் வைப்பதா? தோத்தாத்ரி காசு கொடுத்து வாங்கிய வாட்ச், அவர் சொன்னபடி பன்னிரண்டில் வைப்பதுதான் நியாயம். இரண்டு முறை பன்னிரண்டின் மேல் முள்ளைக் கொண்டுபோனான். அமுக்கக் கை வரவில்லை.

மறுநாள் தோத்தாத்ரி வந்தபோது வாட்ச் முள் இல்லாமல் மேஜைமேல் கிடந்தது.

"என்ன பாய், இன்னும் மொட்டையா வெச்சிருக்கேள்?"

ஷாகுல் மூடியைத் திருப்பிக் காட்டி விஷயத்தைச் சொன்னான். மறைக்கவில்லை. பிறைச் சண்டை, பிரியாணி, பீரோ எல்லாம் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி அவர் முன்னால் வைத்தான். "இது என் சொந்த வாட்ச்சு சார். ஒரு நாளும் தப்புனது இல்ல. தேதி ராத்திரி பன்னெண்டுக்குக் கரெக்டா மாறும். இத்தை எடுத்துக்கினு அத்தை எனக்குக் குட்த்துடுங்க."

தோத்தாத்ரி அந்த வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சந்தைக்குப் போகிறவர் புத்தி லேசில் போகுமா?

"இதுக்குப் போயா ரெண்டு பேரும் பேசாம இருக்கேள்? எங்காத்துல ஸ்ரீஜெயந்தி, அதான் கிருஷ்ணர் பொறந்தநாள், ஒரு நாள் வரும், காமுவோட பொறந்தாத்துல இன்னொரு நாள். கல்யாணமான முதல் வருஷம் என் மாமனாரும் அப்பாவும் பஞ்சாங்கத்தைப் பிரிச்சு வெச்சுண்டு கத்தின கத்தல் குரோம்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கென்ன வந்தது? ரெண்டு நாளும் சீடை தின்னேன். இன்னிக்கும் தின்னுண்டிருக்கேன்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டு, ஷாகுலின் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டார். "போய்ட்டு வாங்கோ பாய். வார் மட்டும் லெதர்ல மாத்திக் குடுத்துடுங்கோ."

வார் மாற்றிக் கொடுத்தான். அவர் தலை மறைந்ததும் முள் இரண்டையும் எடுத்து, தேதி தாவுகிற நொடியில் ஆறேகாலில் வைத்து அமுக்கினான்.

அடுத்து ஒரு சிக்கல். ஜன்னலில் எந்த நம்பரை வைப்பது? ஷாகுலின் பள்ளிவாசல் கணக்குப்படி அன்றைக்குப் பிறை இருபது. சௌகத்தின் கணக்குப்படி இருபத்தொன்று. மூன்று வருஷமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ச் அவனுடையது, கணக்கும் அவனுடையதாகவே இருக்கட்டும் என்று சாவியைத் திருகி இருபத்தொன்றில் நிறுத்தினான். நிறுத்தும்போது நெஞ்சில் என்னவோ உறுத்தத்தான் செய்தது, பொய் சொல்வானேன். விழுங்கிக்கொண்டான்.

நாலரை மணிக்கு அசர் தொழுதுவிட்டுக் கடையைச் சாத்தினான். டி.வி.எஸ். ஃபிஃப்டியை மிதித்துக் கிளப்பி, பல்லாவரம், பம்மல் தாண்டி அனகாபுத்தூர் போய்ச் சேர்ந்தான். தெருவில் வண்டியை நிறுத்தும்போதே சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. ஜன்னலுக்கு மேலே, ஓரமெல்லாம் பழுப்பாக ஒரே சீராக ஓடியது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தது ஜஹானாரா.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா உனக்கு?"

"தண்ணி இவ்ளோ வந்துச்சாமா? எனக்கு யாருமே சொல்லலியே."

"கேட்டாதானே சொல்றதுக்கு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழியை விட்டு நின்றாள்.

கூடத்தில் பீரோ நின்ற இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதன்மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது சௌகத் வெளியிலிருந்து வந்தான். தாடி நிறைய நரைத்திருந்தது. ஸலாம் சொன்னான், இவன் பதில் ஸலாம் சொன்னான். ஷாகுல் பையிலிருந்து வாட்ச்சை எடுத்து நீட்டினான்.

சௌகத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்தை எங்க மச்சான் புட்ச்சே? சேறு அடைச்சுக்கினு பீரோ கதவு தொறக்கவே இல்ல, அப்டியே காயலான் கடைக்காரன்கிட்டத் தூக்கிக் குட்த்துட்டேன். மேல்தட்டுல இது கீதேன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. தேடிக்கினு போனா, அவன் எங்கயோ தள்ளிட்டான். உன் பீரோவும் போச்சு, நீ பண்ண வாட்ச்சும் போச்சுன்னு இவகிட்டச் சொல்லி..." பேச்சை விட்டுவிட்டு வாட்ச்சின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"பல்லாவரம் சந்தைக்கு வந்துகீது. பாங்கு சொல்ற நேரம்தான், ஜன்னலைப் பாரு."

மூன்று பேரும் அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மக்ரிப் பாங்கு ஆரம்பித்து முடிவதற்குள் டக்கென்று தேதி தாவியது. இருபத்திரண்டு, முழு நம்பராக.

சௌகத் புருவத்தைச் சுருக்கினான். "தப்பா வெச்சிக்கீறியே மச்சான். இருபத்தொண்ணுதானே?"

வந்ததே கோபம் ஷாகுலுக்கு! "டேய், உன் கணக்குக்குத்தான்டா வெச்சேன்! மனசைக் கல்லாக்கிக்கினு உன் கணக்குக்கு வெச்சுக் கொண்டாந்தா அதுலயும் நொட்டை சொல்றியா?"

"அண்ணே, கத்தாதே" என்றாள் ஜஹானாரா. "அவரு அந்தக் கணக்கை விட்டுட்டாரு. போன பெருநாளைக்கே உங்க நாளுக்கு மாறியாச்சு. ஒரே நாள்ல வந்துச்சுன்னா நீ வருவேன்னு, உனக்கும் சேத்து ஆக்கச் சொன்னாரு. மத்தியானம் தாண்டி அசர் வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாரு. அவரும் துன்னல, புள்ளைங்களையும் துன்ன வுடல. நீதான் வரல. அடுத்த மாசம்தான் தண்ணி வந்துச்சு."

அந்தப் பெருநாள் அன்றைக்கு ஷாகுல் தாம்பரத்தில் தின்றுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியவன். "ஒரு வார்த்தை கூப்ட்டிருக்கலாமில்ல?" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நீ கூப்ட்டியா?" என்றான் சௌகத்.

"என்னை மன்னிச்சுடு மச்சான்" என்றான் ஷாகுல். பக்கத்தில் நின்ற தங்கச்சியின் தலையில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சௌகத் அவன் தோளைப் பிடித்து, "தொழுதுட்டு வந்து அழுவலாம், வா" என்று பள்ளிவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்ததும் சௌகத் வாட்ச்சை மறுபடி நீட்டினான். "ஒரு நாள் பின்னாடி தள்ளி வெச்சுக் குடு."

"பின்னாடி போவாது மச்சான். பல்லு ஒடஞ்சுரும். முன்னாடியே சுத்திக்கினு போயி, மாசம் முழுக்க ஒரு ரவுண்டு வந்துதான் இருபத்தொண்ணுக்கு வரணும்."

"சுத்து. இன்னா, உனக்கு டிரெயினுக்கு நேரமாவுதா?"

ஷாகுல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருக ஆரம்பித்தான். ஒரு நாள் தாவ முள் முழுசாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அவன் மாதக் கடைசியைத் தாண்டுவதற்குள் ஜஹானாரா மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தாள். சோறும், மத்தியானம் வைத்த மீன் குழம்பும்தான். திடுதிப்பென்று வந்து நிற்கிற அண்ணனுக்குப் பிரியாணியா ஆக்கி வைத்திருக்க முடியும்?

சௌகத் ஒரு தட்டை எடுத்து, அன்றைக்கு வைத்த மாதிரியே ஷாகுலின் முன்னால் வைத்தான். வாட்ச்சை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மக்ரிப் ஆயிப்போச்சு. உன் கணக்கோ, என் கணக்கோ, இப்ப எவனுக்கும் நோன்பு கிடையாது. துன்னு மச்சான்."